பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது? ஊர்க் கபடிக் கழகத்துக்கு ஸ்பான்சர் பிடிக்க முழு வழிகாட்டி

கோயில் டியூப் லைட்டில் ‘உபயம்’ என்று பெயரை எழுதி எழுதி வெளிச்சமே வெளியே வராமல் போன கேலி எல்லோருக்கும் தெரியும். கேலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், நம் ஊர்களுக்கு ஸ்பான்சர் என்பது புதிய சரக்கே இல்லை. திருவிழாவின் மூன்றாம் நாள் மண்டகப்படி இன்னாருடையது, அன்னதானக் கட்டளை இன்னாருடையது, சாமி எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக எழுதி வைக்கப்பட்ட ஏற்பாடு. யாருக்கு என்ன உரிமை என்பது அதில் தெளிவு. ஆனால் அதே ஊரின் கபடிக் கழகம் போட்டிக்குப் பதினைந்து நாள் முன்பு ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறும். முந்நூறும் ஐந்நூறுமாக வாங்கும். கடைசியில் லைட் செட்காரர் பாக்கியைச் செயலாளர் நகையை அடகு வைத்துத் தீர்ப்பார்.

இந்த வழிகாட்டி, ஆண்டுக்கு ஒரு போட்டியும் ஆண்டு முழுக்கப் பயிற்சியும் நடத்தும் ஊர்ப்புறக் கபடிக் கழகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. நூலகம், மாலைநேரப் படிப்பகம், நாடகக் குழு நடத்துபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் மூன்று பைகளைப் பிரியுங்கள்

ஒரே முதலாளியிடம் மூன்று பைகள் இருக்கலாம். ஒவ்வொன்றையும் திறக்கும் ஆள் வேறு, காரணம் வேறு, காகிதம் வேறு. பை தெரியாமல் கேட்பதுதான் பெரும்பாலான ‘பார்க்கலாம் தம்பி’களுக்குக் காரணம்.

சொந்தப் பை: வீட்டுப் பணம். அப்பா நினைவாக, பிள்ளையின் பிறந்தநாளுக்காக, ஊர்ப் பாசத்துக்காக வருவது. இது நன்கொடை. கொடுப்பவருக்கு வேண்டியது மரியாதையும் ரசீதும்.

கடைப் பை: விளம்பரச் செலவு. ஜவுளிக்கடை, நகைக்கடை, பைக் ஷோரூம், சிமெண்ட் டீலர், தனியார் பள்ளி. இதுதான் சரியான பொருளில் ஸ்பான்சர்ஷிப். கொடுப்பவருக்கு வேண்டியது வாடிக்கையாளரின் கண்.

சிஎஸ்ஆர் பை: கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு. கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கொடுப்பவருக்கு வேண்டியது தணிக்கையில் நிற்கும் ஆவணம்.

கழகங்கள் அதிகம் இடறுவது இங்கேதான்: போட்டிக்கு சிஎஸ்ஆர் பணம் கேட்பது. தங்கள் பொருளுக்கு விளம்பரம் தேடிக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப்பை சிஎஸ்ஆர் விதிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. மாரத்தான், விருது விழா போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளும் சிஎஸ்ஆர் செலவாகாது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூன் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஆனால் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுகளை வளர்ப்பதற்கான பயிற்சி இருக்கிறது. ஆகவே கோப்பையையும் பந்தலையும் கடைப் பையில் கேளுங்கள். 40 பெண் பிள்ளைகளின் ஓராண்டுப் பயிற்சி, பயிற்சியாளர் சம்பளம், முட்டை, பால், காலணி இவற்றை சிஎஸ்ஆர் பையில் கேளுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் போட்டால் இரண்டும் போகும்.

கேட்கப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

கழகம் பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரமும் பதியலாம். பிறகு கழகத்தின் பெயரில் பான் எண், இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கோடு இணைந்த க்யூஆர் அட்டை. செயலாளரின் சொந்த ஜிபே எண்ணை நோட்டீஸில் அச்சடிப்பதை இன்றோடு விடுங்கள். பணம் ஒழுங்காகச் செலவானாலும், அடுத்த ஆண்டு ‘அவன் அக்கவுண்ட்லதானே போட்டோம்’ என்ற ஒற்றைப் பேச்சு போதும்.

இன்னும் பதிவாகவில்லை, போட்டிக்கு நாள் குறைவு என்றால் ஒரு வழி உண்டு. பணத்தைக் கழகம் தொடாமல், லைட் செட்காரர், பந்தல்காரர், சமையல்காரர் பில்லை ஸ்பான்சரே நேராகக் கட்டச் சொல்லலாம். கூச்சப்பட ஏதுமில்லை, பல முதலாளிகளுக்கு இதுவே நிம்மதி.

வருமான வரிப் பதிவு (12ஏ), நன்கொடையாளருக்கு விலக்கு தரும் அங்கீகாரம் (80ஜி) இரண்டும் சிஎஸ்ஆருக்குக் கட்டாயம். தனிநபர் நன்கொடைக்கு 80ஜியைப் பெரிய தூண்டிலாக நினைக்காதீர்கள். புதிய வரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கு இந்த விலக்கு கிடையாது, இப்போது அதுவே இயல்பான தேர்வு. பழைய முறையில் இருப்பவருக்கும் சாதாரண அறக்கட்டளைக்குக் கொடுத்ததில் பாதிதான், அதுவும் வருமானத்தின் 10 சதவீத உச்சவரம்புக்குள்தான் கழியும். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் விலக்கு இல்லை. அரிசி மூட்டைக்கும் இல்லை. ‘முழுசா டாக்ஸ் போயிடும் சார்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய ஆடிட்டர் சிரித்தால் அடுத்த முறை வாசலில்கூட நிற்க முடியாது. 2025இன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன; கடிதத்தில் எண் போடுமுன் கழகத்தின் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

மாவட்டக் கபடிக் கழகத்தின் அனுமதிக் கடிதம், காவல் நிலைய அனுமதி, மைதானம் யாருடையதோ அவருடைய ஒப்புதல் ஆகியவற்றின் நகல்களும் கோப்பில் இருக்கட்டும்.

கணக்கு: முழுத் தொகையைக் கேட்காதீர்கள், துண்டு போடுங்கள்

24 அணிகள், இரண்டு நாள், நாக்அவுட் முறை, இரண்டு ஆடுகளம் என்று ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். நாக்அவுட்டில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றும். எனவே 23 ஆட்டம். ஓர் அணிக்கு 12 வீரர், உடன் வருபவர் இருவர் என்றால் 336 பேர். நடுவர்களும் தொண்டர்களும் சேர்த்து 380. தோற்ற அணிகள் அன்றே கிளம்பிவிடும் என்பதால் ஐந்து வேளையிலும் 380 இலை விழாது. 1,200 இலை போதும்.

பரிசுத் தொகை (50,000 + 30,000 + 15,000 + 15,000): 1,10,000
சாப்பாடு (1,200 இலை, ஒன்று 80 ரூபாய்): 96,000
பந்தல், கேலரி: 60,000
விளக்கு, ஜெனரேட்டர், மைக்: 45,000
மேட் (ஆடுகள விரிப்பு) வாடகை, ஏற்றி இறக்கும் கூலி: 30,000
அச்சு, நேரலை ஒளிபரப்பு: 25,000
நடுவர் (10 பேர், 2 நாள், நாளுக்கு 1,000): 20,000
கோப்பை, கேடயம்: 20,000
தொண்டர் டீ-ஷர்ட் (50): 12,500
முதலுதவி, ஆம்புலன்ஸ்: 12,000

கூட்டினால் 4,30,500. எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 4,73,550. நுழைவுக் கட்டணம் அணிக்கு ஆயிரம் வீதம் 24,000 போக, தேவை ஏறக்குறைய நாலரை லட்சம். விலைகள் உங்கள் ஊர் விலையாக இருக்கட்டும். லைட், பந்தல், மேட் மூன்றுக்கும் எழுத்தில் கொட்டேஷன் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கடைப் பைக்காரர் ஒருவராவது அதைக் கேட்பார்.

இப்போது மண்டகப்படி முறையில் பிரியுங்கள். ‘பிளாட்டினம், கோல்டு, சில்வர்’ என்று மாநகரத்து நிகழ்ச்சிகள் போடும் அடுக்குகள் சிறு ஊரில் வேலை செய்வதில்லை. சில்வர் என்றால் தன்னை மூன்றாமிடத்தில் உட்கார வைத்ததாகத்தான் ஊர்க்காரர் எடுத்துக்கொள்வார். அதைவிட, ஒவ்வொரு துண்டும் தனக்கே உரிய ஒரு முழுப் பொருளாக இருக்கட்டும்: முதல் ஆடுகளம் 60,000, இரண்டாம் ஆடுகளம் 40,000, முதல் பரிசும் கோப்பையும் 60,000, இரண்டாம் பரிசு 35,000, சனிக்கிழமைச் சாப்பாடு 48,000, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு 48,000, விளக்கொளி 45,000, ஸ்கோர் பலகை 25,000, நேரலை 25,000, தொண்டர் சட்டை 20,000, கேலரி இரு பக்கம், பக்கத்துக்கு 30,000. சிறு கடைகளுக்கு, ஒவ்வோர் ஆட்டத்தின் சிறந்த ரைடருக்கும் (பாடிப் போகிறவர்) சிறந்த கேட்சருக்கும் (பிடிப்பவர்) ஆயிரம் ரூபாய்ப் பரிசு. பரிசு ஆயிரம் என்றால் கடையிடம் 1,500 வாங்குங்கள். ஆட்டம் முடிந்ததும் கடைக்காரரே மைதானத்துக்குள் வந்து கையில் கொடுப்பார். 23 ஆட்டத்துக்கு 46 கடை. வசூலில் சின்னத் தொகைதான். ஆனால் 46 கடைக்காரர்களும் குடும்பத்தோடு வந்து கேலரியில் உட்காருவார்கள். அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் பெரிய துண்டுகளை அடுத்த ஆண்டு விற்க முடியும்.

எல்லாத் துண்டும் விற்றால் தேவையைவிட நாற்பது, ஐம்பதாயிரம் மிஞ்சும்படி விலை வையுங்கள். ஒன்றிரண்டு விலை போகாது. ஒருவர் சொன்னபடி கொடுக்க மாட்டார். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இது.

பொருளாக வருவதிலும் கணக்கு வேண்டும். ரைஸ் மில் தரும் எட்டு மூட்டை அரிசி சமையல் செலவைக் குறைக்கும். குளிர்பான ஏஜென்சி தரும் நூறு பெட்டி எதையும் குறைக்காது, ஏனென்றால் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் உள்ள செலவை வெட்டும் பொருளுக்கு மட்டும் அதன் மதிப்புக்கு ஈடான துண்டைக் கொடுங்கள். மற்றதற்கு மைக்கில் நன்றி போதும்.

யாரிடம், எப்போது

பன்னிரண்டு பெரிய துண்டையும் விற்க நாற்பத்தெட்டுப் பெயராவது பட்டியலில் இருக்க வேண்டும். நான்கு பேரிடம் கேட்டால் ஒருவர் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்தப் பை, முடிவெடுப்பவர் யார், அவரிடம் நம்மை அழைத்துப் போகக்கூடியவர் யார், எந்தத் துண்டு. நான்கில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த வாசலுக்கு இன்னும் போக வேண்டாம்.

கபடி பார்க்க வருவது யார் என்று யோசித்தால் பட்டியல் தானே நீளும். இருபதிலிருந்து நாற்பது வயது ஆண்கள், கொத்தனார், பெயின்டர், எலக்ட்ரீஷியன், விவசாயி. இவர்களை அடைய விரும்புவது சிமெண்ட், டிஎம்டி கம்பி, பெயின்ட், பிவிசி பைப், பைக், டிராக்டர், உரம், விதை, நகைக்கடன் நிறுவனங்கள். இந்தத் துறைகளில் டீலர் கொடுப்பதோடு, கம்பெனியின் பகுதி விற்பனை அதிகாரி கையிலும் உள்ளூர் விளம்பரத்துக்கென்று ஒரு தொகை இருப்பதுண்டு. டீலரிடம் 40,000 கேட்டால் தயங்குவார். ‘அண்ணாச்சி, நீங்க பாதி, கம்பெனி பாதி போடுற மாதிரி உங்க ஏரியா ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?’ என்று கேட்டால் யோசிப்பார். ஆனால் அந்த அதிகாரிக்குக் கொட்டேஷன், பில், தேதியும் இடமும் பதிந்த புகைப்படம் மூன்றும் வேண்டும். இவை இல்லாவிட்டால் டீலரின் பாதி மட்டுமே கைக்கு வரும்.

பொங்கலுக்குப் போட்டி என்றால் வேலை அக்டோபரில் தொடங்க வேண்டும். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஸ்வீட் ஸ்டால் பக்கம் தலைவைக்க வேண்டாம். விற்பனை முடிந்து கணக்குப் பார்த்த பின் போனால் முகமும் மலர்ந்திருக்கும், கல்லாவும் நிறைந்திருக்கும். தனியார் பள்ளி, கல்லூரிகளுக்கு விளம்பரக் காலம் சேர்க்கைக்கு முன்பு. எனவே ஏப்ரல், மே மாதப் போட்டிகளுக்கு அவர்களே முதல் இலக்கு. நாள், நேரத்தையும் பாருங்கள். செவ்வாய், வெள்ளியில் காசு வெளியே கொடுக்காத வீடுகள் உண்டு. விளக்கு வைத்த பிறகு கொடுக்காதவர்கள் இன்னும் அதிகம். ராகுகாலத்தில் போய் நின்றால் காரணம் சொல்லாமலே ‘அப்புறம் வாங்க’ என்பார்கள். நம்பிக்கை உண்டா இல்லையா என்ற விவாதம் இங்கே தேவையில்லை, காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம். இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பதால் இது மாறாது. பணம் வருமுன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

யாரிடம் வாங்கக் கூடாது என்பதையும் கமிட்டியில் முன்பே எழுதி முடியுங்கள். புகையிலைப் பொருள் விளம்பரத்துக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே தடை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் விளம்பரத்தை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தது. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 பெயரே அதனால்தான் போனது. கட்சிக்காரர் பணம் சட்டப்படி தடையில்லை. ஆனால் ஒரு கட்சியின் பெயர் முதல் ஆடுகளத்தில் ஏறினால் மற்ற கட்சிக்காரர்களின் கடைகள் எல்லாம் பட்டியலிலிருந்து அடுத்த பல ஆண்டுகளுக்கு உதிர்ந்துவிடும். அவர் கொடுப்பதைச் சொந்தப் பையாக, பரிசு வழங்கும் மரியாதையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடிதமும் சந்திப்பும்

கடிதம் ஒரு பக்கம். கழகத்தின் வரலாறு, தலைவர் பெருமை, விளையாட்டின் தொன்மை எதுவும் வேண்டாம். உதாரணத்துக்கு:

‘வணக்கம். ஜனவரி இரண்டாம் வாரச் சனி, ஞாயிறு அன்று நம்மூர் அரசு மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் 24 அணிகள் ஆடும் கபடிப் போட்டி நடக்கிறது. இரண்டாம் ஆடுகளத்தைத் தங்கள் நிறுவனத்தின் பெயரில் நடத்தக் கேட்டுக்கொள்கிறோம். தொகை ரூ.40,000, வரி தனி. அந்த ஆடுகளத்தைச் சுற்றி 8க்கு 3 அடியில் ஆறு பலகைகள், ஒவ்வோர் ஆட்டத் தொடக்கத்திலும் இடைவேளையிலும் மைக் அறிவிப்பு, நேரலைத் திரையில் பெயர், நுழைவாயிலில் இரண்டு நாளும் ஒரு கடைமேசை. சென்ற ஆண்டு சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் கேலரியில் 640 பேர், நேரலையில் ஒரே நேரத்தில் 410 பேர். தங்கள் துறையில் வேறு நிறுவனத்தின் பெயர் மைதானத்தில் இடம்பெறாது. முன்பணம் பாதி, மீதி போட்டிக்கு ஒரு வாரம் முன்பு.’

இதில் உள்ள 640ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? எட்டு வரிசை, வரிசைக்கு நாற்பது பேர், இரண்டு பக்கம். ஒரு தொண்டர் மணிக்கு ஒருமுறை எண்ணி நோட்டில் எழுதிப் புகைப்படமும் எடுத்தால் முடிந்தது. ‘பத்தாயிரம் பேர் வருவாங்க’ என்று சொல்லும் கழகத்தை வியாபாரி நம்புவதில்லை. அவர் தினமும் கூட்டத்தை எண்ணிப் பிழைப்பவர்.

நேரில் போவது மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் அறிமுகம் செய்பவர், ஒருவர் தொகை பேசுபவர், ஒருவர் ஜெர்சி போட்ட விளையாட்டுப் பிள்ளை. தொகையைத் தெளிவாகச் சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். ‘உங்களால முடிஞ்சதைக் கொடுங்க’ என்ற வாக்கியம் 40,000 ரூபாயை 2,000 ஆக்கிவிடும். ‘கொஞ்சம் குறைச்சுக்கோங்க தம்பி’ என்றால் விலையைக் குறைக்காமல் துண்டை மாற்றுங்கள்: ‘அப்ப ஸ்கோர் பலகை எடுத்துக்கோங்கண்ணே, இருபத்தஞ்சுதான்.’ ஒருவருக்கு ஆடுகளத்தை 30,000க்குக் கொடுத்த செய்தி மாலைக்குள் கடைவீதி முழுக்கப் போய்ச் சேரும்.

‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றால் எந்தக் கிழமை வரட்டும் என்று கேட்டு, அன்று போங்கள். மூன்று முறைக்கு மேல் போகாதீர்கள். மறுத்தவருக்கும் போட்டி அழைப்பிதழ் போக வேண்டும். வந்து பார்த்தவர் அடுத்த ஆண்டு அவராகவே கேட்பார்.

பணம், வரி, ஒப்பந்தம்

கடைப் பைக்காரர் ரொக்கமாகத் தர ஆசைப்படுவார். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை அவர் வியாபாரச் செலவாக எழுத முடியாது என்பதை நினைவூட்டுங்கள். பெரும்பாலும் செக் வந்துவிடும். ஒருவரிடமிருந்து ஒரு நிகழ்ச்சிக்காக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால் வாங்கும் உங்களுக்கே அபராதம்.

ஜிஎஸ்டி விஷயத்தில் உபயத்துக்கும் விளம்பரத்துக்கும் உள்ள கோடு முக்கியம். அறப்பணி நிறுவனத்துக்கு நன்கொடையாகத் தந்து, நன்றிக்காகப் பெயர் மட்டும் பொறித்தால் ஜிஎஸ்டி இல்லை என்று 2019 அக்டோபர் சுற்றறிக்கை தெளிவாக்கியது. ‘உபயம்: இன்னார் நினைவாக’ என்பது அந்த வகை. அதே பலகையில் ‘எல்லா ரகங்களும் 20% தள்ளுபடி’ என்று சேர்ந்தால் அது விளம்பரம். 18 சதவீத வரி வரும். கழகம் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருந்து, ஸ்பான்சர் ஒரு கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப் நிறுவனமாகவோ இருந்தால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியை ஸ்பான்சரே கட்ட வேண்டும். அதனால்தான் கடிதத்தில் ‘வரி தனி’ என்ற இரு சொற்கள். கழகம் கம்பெனியாகப் பதிவானது என்றால் 2025 முதல் கணக்கு வேறு. இன்னொரு பள்ளம்: விளையாட்டு வளர்ச்சி போன்ற பொதுநலப் பணிக்காக வரிவிலக்கு பெற்ற அமைப்புக்கு, விளம்பரம் போன்ற வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் விலக்கே கேள்விக்குள்ளாகும். போட்டி பெரிதாகிக்கொண்டே போகும் கழகங்கள் இதை ஆடிட்டரோடு ஆண்டுத் தொடக்கத்திலேயே பேச வேண்டும், மார்ச்சில் அல்ல.

பெரிய கம்பெனிகள் ‘வெண்டர்’ பதிவு கேட்கும்: பான் நகல், ரத்து செய்த காசோலை, பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண் அல்லது இல்லை என்ற உறுதிமொழி. பர்ச்சேஸ் ஆர்டர் வந்து, நிகழ்ச்சி முடிந்து, பில் போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்தே பணம் வரும். லைட் செட்காரர் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டார். எனவே அன்றன்றைக்குக் கட்ட வேண்டிய செலவுகளை உள்ளூர்க் கடைகளின் முன்பணத்தில் நிறுத்துங்கள். கம்பெனிப் பணத்தைப் பந்தல் போல் பாக்கி சொல்லக்கூடிய செலவுக்கு ஒதுக்குங்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். தொகை, தவணை, தரும் உரிமைகள், துறை ஏகபோகம், லோகோ தர வேண்டிய கடைசி நாள். மழையில் போட்டி தள்ளிப்போனால் 60 நாளுக்குள் நடத்துவோம், முடியாவிட்டால் செலவு போக மீதி திருப்பித் தருவோம் என்ற வரியும் கட்டாயம். ஏகபோகத்தை இலவசமாகக் கொடுக்காதீர்கள். முதல் ஆடுகளம், இரண்டாம் ஆடுகளம், முதல் பரிசு ஆகியவற்றோடு மட்டும் கொடுங்கள். ஒரு ஜவுளிக்கடைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, சிறந்த ரைடர் பரிசை எதிர்க்கடையிடம் வாங்கிவிட்ட தகராறுகள் ஏராளம். கமிட்டியில் வசூலுக்குப் போகும் எல்லோர் கையிலும் ஒரே பட்டியல் இருந்தால் இது நடக்காது.

பலகை, பெயர், மைக்

பணம் வந்த பின் உறவு கெடுவது பெரும்பாலும் எழுத்துப் பிழையில். வாட்ஸாப்பில் வந்த லோகோ படத்தை எட்டடிக்கு இழுத்தால் மங்கும். பெரிதாக்கினாலும் மங்காத கோரல் ஃபைல் கேட்டு வாங்குங்கள். மறைந்தவர் பெயரின் இனிஷியல், பட்டம், கடையின் பெயரில் ‘ஸ்ரீ’ உண்டா இல்லையா, எல்லாவற்றையும் அச்சுக்கு முன் அவருக்கே அனுப்பி ‘ஓகே’ என்று பதில் வாங்கிய பிறகே ஃப்ளெக்ஸ் கடைக்குச் சொல்லுங்கள். மைக் பிடிப்பவருக்கு வாய்மொழியாகச் சொன்னால் தனக்குத் தெரிந்தவர் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வார். எந்த ஆட்டத்தில் யார் பெயர் என்று தாளில் எழுதிக் கொடுத்து, சொன்னதும் டிக் போட ஒரு பையனை அருகில் உட்கார வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது; இறுதி ஆட்டம் பதினொன்றுக்குத் தள்ளிப்போனால் முதல் பரிசு கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லவே முடியாமல் போகும். அதனால் இறுதி ஆட்டத்தை எட்டரைக்கு வையுங்கள்.

சாலையோரம் பேனர் வேண்டாம். 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு, அனுமதியில்லாத பேனரில் தங்கள் பெயர் வருவதைக் கம்பெனிகளே விரும்புவதில்லை. பலகைகள் மைதானத்துக்குள் இருந்தால் நேரலையிலும் தெரியும்.

சிஎஸ்ஆர் பக்கம் போகும்போது

இது வேறு வேகத்தில் நடக்கும் வேலை. கழகத்துக்கு இதே துறையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். 12ஏ, 80ஜியோடு சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். மூன்றாண்டு தணிக்கை அறிக்கை கையில் இல்லாமல் கதவைத் தட்டுவது வீண்.

எந்தக் கம்பெனி விளையாட்டுக்குச் செலவிடுகிறது என்பது ரகசியமில்லை. அரசின் தேசிய சிஎஸ்ஆர் இணையதளத்தில் கம்பெனி வாரியாகச் செலவு இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தன் சிஎஸ்ஆர் கொள்கையையும் அந்த ஆண்டுத் திட்டங்களையும் தன் தளத்தில் போட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்வதால், ஓசூர், இராணிப்பேட்டை, ஒரகடம் போன்ற சிப்காட் வளாகங்களைச் சுற்றியுள்ள கழகங்களுக்கு வாய்ப்பு அதிகம். தொழிற்சாலையின் மனிதவள அலுவலகமே முதல் வாசல். நிதியாண்டுத் திட்டம் தீட்டும் முன், அதாவது ஜனவரி, பிப்ரவரியில், முன்மொழிவு அவர்கள் மேசையில் இருந்தால் நல்லது.

முன்மொழிவில் எண்ணக்கூடியவை மட்டும் இருக்கட்டும்: எத்தனை பிள்ளைகள், வாரத்துக்கு எத்தனை நாள், பயிற்சியாளர் தகுதி, மாதச் சம்பளம், ஒரு பிள்ளைக்கு ஆண்டுச் செலவு, வருகைப் பதிவு எப்படி எடுப்பீர்கள், ஆண்டு முடிவில் எத்தனை பேர் மாவட்ட அணித் தேர்வுக்குப் போவார்கள். பெண்கள் ஆடுகளம் 12க்கு 8 மீட்டர், ஆண்களுக்கு 13க்கு 10. மேட் கேட்டால் எந்த அளவு என்று எழுதுங்கள். பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று கம்பெனியின் நிதி அதிகாரி சான்றளிக்க வேண்டியிருப்பதால், காலாண்டுக்கு ஒருமுறை பில்களோடு செலவுச் சான்று கேட்பார்கள். அந்தப் பணத்துக்குத் தனி லெட்ஜர் வையுங்கள். அதிலிருந்து ‘கைமாத்தாக’ எடுத்துப் போட்டிக்குச் செலவழித்துவிட்டுப் பிறகு போட்டுவிடலாம் என்று நினைத்த கழகங்களுக்கு இரண்டாம் தவணை வராது.

போட்டி முடிந்த பதினைந்து நாள்

ஒவ்வொரு ஸ்பான்சருக்கும் தனித்தனியாக இரண்டு பக்கம்: அவர் பெயர்ப் பலகை தெரியும் நான்கு படம், அவர் துண்டுக்கு என்ன சொன்னோம், என்ன செய்தோம், மணிவாரிக் கூட்ட எண்ணிக்கை, நேரலை எண்ணிக்கையின் ஸ்கிரீன்ஷாட், மொத்த வரவுசெலவு. எதைச் செய்யத் தவறினோமோ அதையும் எழுதுங்கள். ஆறு பலகை சொல்லி ஐந்துதான் வைத்திருந்தால் அவர் ஏற்கெனவே எண்ணியிருப்பார். வரவுசெலவுத் தாளை மைதானச் சுவரிலும் ஒட்டுங்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போல, சின்னத் தொகை கொடுத்தவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

நன்கொடை தந்தவர்களின் விவரத்தை வருமான வரித் துறைக்கு மே 31க்குள் தாக்கல் செய்து சான்றிதழ் கொடுக்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம் என்பதோடு, நன்கொடையாளரின் விலக்கும் சிக்கலாகும். இதற்குப் பான் எண் தேவை. அதை ரசீது எழுதும்போதே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ஏதோ மோசடி அழைப்பு என்று போனை வைத்துவிடுவார்கள்.

பழைய ஸ்பான்சருக்கு அதே துண்டில் முதல் உரிமை ஒரு தேதி வரை, உதாரணமாக அக்டோபர் 31 வரை, உண்டு என்று அறிக்கையின் கடைசி வரியில் எழுதிக் கையொப்பமிடுங்கள். அந்தத் தேதி தாண்டும்வரை அதே ஆடுகளத்தை எதிர்க்கடைக்காரர் இரண்டு மடங்கு விலைக்குக் கேட்டாலும், ‘நவம்பர் ஒண்ணாம் தேதி வாங்கண்ணே’ என்றுதான் சொல்ல வேண்டும்.